வெள்ளத்தில் வளரும், வெயிலில் பூக்கும்

போன ஜனவரிக் கடைசியில், பெங்களூரிலிருந்து நாங்கள் நாலைந்து பேர் சக்லேஷ்பூர் பக்கம் போயிருந்தோம். மலைச்சரிவில் இறங்கும் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டியிருந்தது. பாறையில் கால் வைத்ததும் பின்னாலிருந்து ஜீப் டிரைவர், "பாச்சி சார், ஜாருத்தே!" என்று கன்னடத்தில் கத்தினார். பாசி, வழுக்கும் என்று அர்த்தம். அவர் கத்தி முடிப்பதற்குள் நான் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்த இடத்தில்தான் அதைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே தெரிந்த பாறை முழுக்க, அடிப்பிடித்த பாத்திரம் போல ஒரு பழுப்பு ஏடு. அதிலிருந்து ஊசி ஊசியாகக் காம்புகள். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் பாதியாக ஒடித்த சீரகம் போல ஒரு காய். சீரகத்துக்கு இருப்பது போலவே மேலே வரிகள்.

பாசிக்கு ஏது காய்? பாறையில் படரும் மாஸ் வகைகளுக்கும் காம்பு நுனியில் ஒரு சின்னப் பை உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதனால் நானும் முதலில் ஏமாந்தேன். ஆனால் மாஸின் பையில் இருப்பது வித்துத்தூள். இந்தக் காய்க்குள் இருப்பது விதை. காய்க்கு முன் அங்கே பூ இருந்தது. பூவில் மகரந்தம் இருந்தது, சூல்பை இருந்தது. நான் வழுக்கி விழுந்தது ஒரு பூக்கும் தாவரத்தின் மேல்.

இந்தக் குடும்பத்தின் பெயர் பொடோஸ்டெமேசியே. உலகம் முழுவதும் சுமார் 300 இனங்கள், கிட்டத்தட்ட எல்லாமே வெப்ப நாடுகளில். முழுக்க முழுக்கத் தண்ணீரை நம்பி வாழும் பூக்கும் தாவரக் குடும்பங்களில் இதுதான் பெரியது. ஆனால் எந்தத் தண்ணீரும் இவற்றுக்குச் சரிப்படாது. குளம் வேண்டாம், ஏரி வேண்டாம், சமவெளியில் மெதுவாகப் போகும் ஆறும் வேண்டாம். அருவியும் பாறையில் மோதி நுரைத்து ஓடும் இடங்களும்தான் வேண்டும். பெங்களூரில் இருப்பவர்களுக்கு நீர்த்தாவரம் என்றால் ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரைதான் நினைவுக்கு வரும். அதற்கு நேர் எதிர்த் திசையில் போன கூட்டம் இது.

இன்னொரு ஆச்சரியம், இவற்றின் உறவுக்காரர்கள். மரபணுவை வைத்துப் பார்த்தால் புன்னை, நாகப்பூ, குடம்புளி, மங்குஸ்தான், மங்களூர்க்காரர்கள் சர்பத் போடும் புனர்ப்புளி ஆகியவை எல்லாம் இவற்றின் பங்காளிகள். அப்படிப்பட்ட மரங்கள் இருக்கும் வம்சத்தின் ஒரு கிளை ஆற்றுக்குள் இறங்கி, தண்டையும் இலையையும் தேய்த்துக்கொண்டே போய், கடைசியில் பாறையில் ஒட்டிய ஏடாகிவிட்டது.

சரி, ஒரு செடி ஏன் இவ்வளவு கஷ்டமான இடத்துக்குப் போக வேண்டும்?

தண்ணீருக்குள் வாழும் செடிக்குப் பெரிய பிரச்சினை மூச்சு. காற்றில் கரியமில வாயு பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் பரவுகிறது. தண்ணீர் நின்றுவிட்டால், இலையைச் சுற்றி ஒரு மெல்லிய தேங்கிய படலம் உருவாகும். அந்தப் படலத்தில் இருப்பதைச் செடி இழுத்துக்கொண்ட பின், வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே வந்து சேர நேரமாகும். மொட்டைமாடியில் துணி காயப் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத நாளில் துணியைச் சுற்றி ஈரம் அப்படியே நிற்கும், துணி காயாது. காற்று அடித்தால் அந்த ஈரத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அரை மணியில் காய்ந்துவிடும். வேகமான ஆறும் இலைமேல் இதையேதான் செய்கிறது. தேங்கிய படலத்தை ஒல்லியாக்குகிறது, நுரைத்து ஓடும்போது காற்றைக் கலக்குகிறது, புதிய சத்தைக் கொண்டுவந்து தருகிறது. போதாக்குறைக்கு, பாறையில் வேறு செடிகள் நிற்க முடியாததால் வெயிலுக்குப் போட்டியும் இல்லை.

கொடுக்கல் இருந்தால் வாங்கலும் உண்டே. ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது இழுக்கும் விசை நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க ஆற்றுத் தாவரங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று நாணல் வழி, வளைந்து கொடுப்பது. இன்னொன்று கல்லில் ஒட்டிய தோசையின் வழி, நிமிரவே நிமிராமல் படுத்துவிடுவது.

முதல் வழியில் போகும் செடிகளைக் காவிரிக் கரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளிலும் எளிதாகப் பார்க்கலாம். ஹொமோனாயா ரிபேரியா என்ற புதர் ஆற்றின் நடுவே, பாறை இடுக்குகளில் நிற்கும். அலரி இலை போல நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் இலைகள், முறித்தாலும் முறியாத கிளைகள், இடுக்குக்குள் ஆழமாகப் போன வேர். ரோட்டுலா அக்குவாட்டிக்கா என்று இன்னொன்று. கேரளத்தில் கல்லூர்வஞ்சி என்பார்கள், சிறுநீரகக் கல்லுக்கு ஆயுர்வேதத்தில் அதன் வேரைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளம் தொடும் எல்லைக்குள் மட்டுமே வாழும் இந்த மாதிரித் தாவரங்களை ரியோஃபைட் என்று தாவரவியலாளர்கள் அழைக்கிறார்கள். வான் ஸ்டீனிஸ் என்ற டச்சுக்காரர் 1981இல் உலகம் முழுவதிலுமுள்ள ரியோஃபைட்டுகளைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டார். ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முத்தத்தியில் காவிரிக் கரையில் நிழல் தரும் மருதமரம் ரியோஃபைட் இல்லை. அது கரையில் இருக்கிறது. ஓட்டத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை.

இரண்டாவது வழிதான் நான் வழுக்கி விழுந்த செடியின் வழி. வேர், தண்டு, இலை என்று மூன்றாகப் பிரித்து வரையச் சொல்லிக் கொடுத்த பாடம் இங்கே உதவாது. பல இனங்களில் உடம்பின் பெரும்பகுதி வேர்தான், ஆனால் அந்த வேர் பச்சை. அப்பளம் போலத் தட்டையாகப் பாறைமேல் பரவி, இலையின் வேலையான ஒளிச்சேர்க்கையை அதுவே செய்கிறது. அங்கங்கே அதன் மேலிருந்து நூல் போன்ற சின்ன இலைக்கொத்துகள் கிளம்பும். மண்ணுக்குள் போய் உறிஞ்சும் வேலையே இல்லாததால், பாறையைக் கவ்வும் வேலைதான் மிச்சம். பாறைமேல் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் ஏற்கெனவே பூசி வைத்திருக்கும் கொழகொழப்பான படலத்தில் செடி தன் பிடிப்பு உறுப்புகளை ஒட்டிக்கொள்கிறது. நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. (சுரண்டிப் பார்த்தேன். செய்திருக்கக் கூடாது.)

இதுவரை சொன்னது உடம்பின் கதை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது இவற்றின் காலக்கணக்கு.

ஜூனில் மழை பிடித்ததும் பாறை நனைகிறது, விதை முளைக்கிறது. மழைக்காலம் முழுக்கச் செடி வெள்ளத்துக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது. அங்கேயே மொட்டும் கட்டுகிறது. ஆனால் தண்ணீருக்குள் பூக்காது. மழை நின்று, நவம்பர், டிசம்பரில் தண்ணீர் இறங்க இறங்கப் பாறை தலைகாட்டும். மொட்டுக்கு வெளிக்காற்றும் வெயிலும் பட்ட சில நாட்களில், அதை மூடியிருந்த உறை கிழிந்து பூ எட்டிப் பார்க்கும். காயாகி, காய்ந்து, வெடித்து, விதை சிந்தும். செடியின் உடம்பு அதோடு கருகிவிடும். இத்தனையும் சில வாரங்களில் முடிய வேண்டும். அதன் பிறகு மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெறும் பாறையும் சுடும் வெயிலும்தான். மறுபடி ஜூன்.

ஓடை ஒரே நாளில் வற்றாது. ஒவ்வொரு விரற்கடையாக இறங்கும். அதனால் பாறையை மேலிருந்து கீழாகப் பார்த்தால் மாதக் காலண்டரைப் பார்ப்பது போல இருக்கும். அன்று நான் பார்த்த பாறையின் உச்சியில் வெடித்துக் காலியான காய்கள். ஒரு சாண் கீழே முற்றாத காய்கள். தண்ணீர் விளிம்பில், ஒரு விரல் அகல வரிசையில், அரிசிக் குருணை அளவுப் பூக்கள். அதற்கும் கீழே, தண்ணீருக்குள், தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மொட்டுகள். மூன்று நான்கு வார வித்தியாசத்தை ஒரே பாறையில் பார்க்கலாம்.

விதை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அது நனைந்தால் வெளித்தோல் வழவழவென்று பசையாகிவிடும். சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டால் ஆகுமே, அப்படி. அந்தப் பசைதான் பாறையில் ஒட்டுவதற்கு. அப்புறம், பெரும்பாலான பூக்கும் தாவரங்கள் விதைக்குள் குழந்தைக்கென்று கட்டுச்சோறு கட்டி அனுப்பும். தேங்காய்ப் பருப்பு, இளநீர், நாம் சமைக்கும் அரிசியின் வெள்ளைப் பகுதி எல்லாம் அந்தக் கட்டுச்சோறுதான். அதைத் தயாரிக்க ஒரு மகரந்தக் குழாயிலிருந்து வரும் இரண்டு ஆண் அணுக்களில் ஒன்று தனியாக இணைய வேண்டும். பொடோஸ்டெமேசியே குடும்பத்தில் அந்த இரண்டாவது இணைவு நடப்பதில்லை, கட்டுச்சோறும் இல்லை. பூக்கும் தாவரங்களின் அடையாளம் என்று பாடநூல்கள் சொல்லும் ஒன்றையே இவை விட்டுவிட்டன. கையில் ஒன்றும் இல்லாமல் புறப்படும் குழந்தை, இறங்கிய இடத்தில் உடனே ஒட்டி, உடனே வெயிலில் சமைத்தாக வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஒட்டும் விதை நல்லதுதான், ஆனால் ஒட்டும் விதை தூரம் போகாது. பறவைக் காலிலோ காற்றிலோ எப்போதாவது ஒன்றிரண்டு அடுத்த ஆற்றுக்குப் போகலாம். மற்றபடி ஒவ்வோர் ஆறும், சில சமயம் ஒவ்வோர் அருவியும், இவற்றுக்குத் தனித்தீவு. தனித்தீவில் நெடுங்காலம் இருந்தால் தனி இனம் பிரியும். இந்தியாவில் இந்தக் குடும்பத்தின் பெரும்பாலான இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கின்றன. இண்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா என்று நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒன்று உண்டு. ஆனைமலையில் வில்லிசியா செலாஜினாய்டிஸ். அது படுத்துக்கிடக்காமல், செதில் செதிலாக நிமிர்ந்து நிற்கும். அது ஒன்றுதான் அந்தப் பேரினத்தில் என்று இருந்தபோது, 1997இல் கர்நாடகத்திலிருந்து வில்லிசியா அரேகலியானா சேர்ந்தது. ஏடு போல ஒன்று, நாடா போல ஒன்று, பாசிக்கொத்து போல ஒன்று என்று உருவங்களுக்குக் குறைவே இல்லை.

வில்லிசியா என்ற பெயர் ஜான் கிறிஸ்டோபர் வில்லிஸிடமிருந்து வந்தது. இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். இலங்கை, இந்திய ஆறுகளில் இந்தச் செடிகளைத் தேடி அலைந்து, 1902இல் நீண்ட ஆய்வு வெளியிட்டார். அவரைக் குழப்பிய கேள்வி நியாயமானது. ஒரே மாதிரிப் பாறை, ஒரே மாதிரி ஓட்டம். பிறகு ஏன் இத்தனை உருவங்கள்? சூழலுக்கு ஏற்பத்தான் உருவம் என்றால் எல்லாம் ஒன்றுபோல அல்லவா ஆகியிருக்க வேண்டும்? இதை வைத்தே அவர் டார்வினின் இயற்கைத் தேர்வை எதிர்க்கும் பக்கம் போய்விட்டார். அந்த முடிவை இன்று யாரும் ஏற்பதில்லை. ஆனால் கேள்வி சும்மா கேட்ட கேள்வி இல்லை என்பது என் எண்ணம். ஒரே தெருவில் ஒரே அளவு மனையில் கட்டிய வீடுகளும் ஒன்றுபோல இருப்பதில்லையே.

அதே 1902இல் நடந்த இன்னொன்று எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமானது. அந்த ஆண்டு ஜூனில் சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம், சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்கவயலை அடைந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து பெங்களூருக்கு விளக்கு வந்தது. என் தாத்தா அந்தத் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். சிவனசமுத்திரம் இல்லையென்றால் தங்கவயலே இல்லை என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அருவியைக் கண்டால் ஒருவருக்குச் செடி, இன்னொருவருக்கு மின்சாரம். இரண்டு தேடலும் போய் நிற்கும் இடம் ஒன்றேதான்: ஆறு செங்குத்தாக இறங்கும் பாறை. சண்டை வருவதற்கான காரணமும் அதுவே.

அணை இந்தச் செடிகளை எப்படிப் பாதிக்கிறது என்பதைச் சொல்லும்போது பலரும் "தண்ணீர் இல்லாமல் போய்விடும்" என்று நினைக்கிறார்கள். அது கதையில் பாதி. அணைக்கு மேலே தண்ணீர் அதிகமாகித்தான் சாகும். அருவி நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கும், ஓட்டம் நிற்கும், வண்டல் படிந்து பாறையை மூடும், வெயில் எட்டாது. பாறை வெளியே தெரியாததால் பூவும் இல்லை. அணைக்குக் கீழே கதை வேறு. மின்நிலையம் தேவைக்கேற்பத் தண்ணீரைத் திறக்கும். நாம் எல்லோரும் மாலையில் விளக்கும் மிக்ஸியும் போடும் நேரத்தில் ஆறு ஏறும், நள்ளிரவுக்குப் பின் இறங்கும். காலையில் வெளியே வந்த மொட்டு சாயங்காலம் மறுபடி மூழ்கும். ஆண்டுக்கு ஒரு முறை ஏறி ஒரு முறை இறங்கும் ஆற்றை நம்பிக் கணக்குப் போட்ட செடிக்கு இது புரியாத பாஷை. வருடத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குறைந்திருக்காது. கிழமை தேதி மட்டும் குழம்பியிருக்கும்.

முழுதாக அழிந்துபோவது எப்படி நடக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கினி நாட்டில் கொங்கூரே ஆற்றின் அருவி ஒன்றில் 2018இல் டெனிஸ் மோல்மூ என்ற தாவரவியலாளர் ஒரு செடியைச் சேகரித்தார். அது புதிய இனம் என்று தெரிந்து, சாக்சிகொலெல்லா டெனிசே என்று அவர் பெயரையே வைத்து 2022இல் வெளியிட்டார்கள். ஆனால் அதற்குள் கீழே கட்டிய அணையின் நீர்த்தேக்கம் அந்த அருவியை மூழ்கடித்துவிட்டது; செயற்கைக்கோள் படத்தில்தான் அது தெரிய வந்தது. வேறெங்கும் அந்த இனம் கண்டறியப்படவில்லை. பெயர் சூட்டு விழாவும் கருமாதியும் ஒரே பத்திரிகையில்.

இப்படிப்பட்ட செடியை எடுத்துப் போய் லால்பாக் கண்ணாடி வீட்டில் வைத்துக் காப்பாற்றலாமே என்று தோன்றும். பாயும் தண்ணீரும் அதன் ஏற்ற இறக்கமும் இல்லாமல் இவற்றைத் தோட்டத்தில் வளர்ப்பது மிகக் கடினம். காப்பாற்ற வேண்டுமென்றால் ஆற்றையே காப்பாற்ற வேண்டும்.

நான் வழுக்கி விழுந்த சக்லேஷ்பூர் பகுதிக்கே வருகிறேன். எத்தினஹொளே திட்டம் அங்கேதான். மேற்கே கடலுக்கு ஓடும் எத்தினஹொளே முதலிய ஓடைகளில் எட்டுத் தடுப்பணைகள் கட்டி, மழைக்காலத்தில் 24.01 டிஎம்சி தண்ணீரைக் கிழக்கே திருப்பி, கோலார், சிக்கபள்ளாபூர் போன்ற வறண்ட மாவட்டங்களுக்குக் கொண்டுபோவது திட்டம். 2014இல் அடிக்கல், 2024 செப்டம்பரில் முதல் கட்டம் தொடங்கியது. குடிநீர்த் திட்டம் என்ற வகையில் வந்ததால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டிலிருந்து விலக்கு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டுக்குக் கீழான நீர்மின் திட்டங்களுக்கும் அந்த மதிப்பீடு தேவையில்லை. மலை ஓடைகளில் மினி ஹைடல் கட்ட இது வசதி.

இதை எழுதும்போது எனக்கே தர்மசங்கடம்தான். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் என் சித்தி போர்வெல் தண்ணீரை நம்பி வாழ்கிறார். கோலார் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எப்படி என்பது அங்கே பல்லைப் பார்த்தாலே தெரியும். "உன் பாசி பெருசா, எங்க குடம் பெருசா?" என்று அவர் கேட்டால் நான் குடம் என்றுதான் சொல்வேன். என் வருத்தம், ஓடையில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடுவதில்தான். மழைக்காலத்தில் "உபரி" என்று நாம் பேர் வைத்திருக்கும் தண்ணீருக்கு அடியில்தான் இந்தச் செடிகளின் வளரும் பருவம் முழுவதும் நடக்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்பதோடு, எந்த மாதம் எவ்வளவு விடலாம் என்பதையும் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்கவே முடியாது என்றும் இல்லை. 2018 அக்டோபரில் மேல் கங்கைக்கு வந்த அறிவிக்கை, அணையிலிருந்து விட வேண்டிய நீரை, ஆற்றில் வரும் நீரின் பங்காக, மாதவாரியாகப் பிரித்தது: நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. இந்த எண்கள் போதுமா என்பது வேறு விவாதம். ஆற்றுக்கும் காலண்டர் உண்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதே, அதைச் சொல்ல வந்தேன்.

கொலம்பியாவில் கான்யோ கிரிஸ்டாலெஸ் என்று ஓர் ஆறு இருக்கிறது. இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றால் ஆற்றின் அடி முழுக்கக் குங்குமச் சிவப்பாகத் தெரியும். உலகமே பார்க்க வருகிறது. சருமத்தில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, கோடையில் சில மாதங்கள் யாரும் போகவே கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நம் ஓடைகளில் இருப்பவை பழுப்பும் கரும்பச்சையும்தான். யாரும் பார்க்க வருவதில்லை. வருபவர்கள் பாறைமேல் உட்கார்ந்து ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சரியான காலம். மலநாட்டில், அதாவது கர்நாடகத்தின் மலைப்பகுதியில், பாறைமேல் வேகமாக ஓடும் எந்தச் சுத்தமான ஓடையிலும் தேடலாம். தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே, வெயில் படும் பாறையில் கண்ணை ஓட்டுங்கள். நகை வேலைக்காரர் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் செல்போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் போதும். பாசி போலப் பச்சையாக இருந்து காம்பு நுனிப் பை வழவழப்பாக இருந்தால் அது மாஸாக இருக்கலாம். சீரகம் போல வரி இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். சுரண்ட வேண்டாம். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டாம். என் இடது முட்டி இன்னும் வலிக்கிறது.